வெடிக்குப் பின்னால் ஓர் ஆள்

நோர்வேயில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சுட்டுக் காட்ட வேண்டும். 100 மீற்றர் தூரத்தில் ஒரு மானின் உருவம் வரைந்த தாள். முன்னங்காலுக்குச் சற்று மேலே, நெஞ்சும் நுரையீரலும் இருக்கிற இடத்தில், 30 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு வட்டம். ஐந்து குண்டுகளும் அதற்குள் விழவேண்டும். நான்கு உள்ளே, ஒன்று விளிம்புக்கு வெளியே என்றால் தேறவில்லை. அதற்கு முன்னரே குறைந்தது 30 பயிற்சி வெடிகள் வைத்திருக்கவும் வேண்டும். முதன்முதலாக வேட்டைக்கு வருகிறவருக்கு இன்னும் அதிகம்: 30 மணி நேர வகுப்பு, பிறகு 50 கேள்விகள் கொண்ட பரீட்சை, அதில் 40 சரியாக இருக்கவேண்டும். எந்த மிருகத்துக்கு எந்த மாதம், எந்தக் குண்டு, காயம் பட்டால் என்ன செய்வது, சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லாம் கேட்பார்கள்.

ஓகஸ்ட் மாதத்தில் சுடுதளத்து வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். பால் பண்ணைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, பேரனோடு வந்திருக்கிற எழுபது வயதுக்காரர். சிறு வயதிலிருந்து காட்டுக்குப் போகிறவர் அவர். கை கொஞ்சம் நடுங்கத் தொடங்கியிருக்கிறது. ஒருநாள் அந்த வட்டம் அவரை வெளியே நிறுத்தும், அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கோபமில்லை. நடுங்குகிற கையின் விலையை எல்க் கொடுக்கக்கூடாது என்றுதான் அவர் சொல்வார்.

எனக்கு அந்த நேரத்தில் பெரியப்பா நினைவுக்கு வருவார்.

பெரியப்பாவை எவரும் பரீட்சித்ததில்லை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற ஊர் எங்களுடையது. 1970களில் அங்கே துவக்கு வைத்திருப்பவர் என்றால் ஊருக்கு ஒருவர், இருவர். அவரிடம் இருந்தது 12 போர் இரட்டைக்குழல். ஒவ்வொரு வருடமும் கச்சேரிக்குப் போய் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து வருவார். பணம் கட்டினாரா, முத்திரை குத்தியாயிற்றா என்று பார்த்தார்களே தவிர, இந்த மனிதனுக்குச் சுடத் தெரியுமா, சுட்டபின் என்ன செய்வான் என்று கேட்க அங்கே ஒரு மேசையும் இல்லை. சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் எங்கள் காட்டு வண்டிப்பாதையில் நடந்து வந்ததை நான் கண்டதில்லை.

அவரிடம் இருந்தது அவருடைய சொந்தச் சட்டம். காட்டுக்குள் இறங்குமுன் ஐயனாருக்குக் குழை முறித்து வைப்பது அதில் முதலாவது. குட்டியோடு நிற்கிற மரையைப் பார்த்தால் துவக்கு தோளை விட்டு இறங்காது. கோடையில் குளங்கள் வற்றி, நடுக்காட்டில் ஒரு மோட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, அதன் கரையில் பரண் கட்டிக் காத்திருந்து சுடுகிறவர்கள் பலர் இருந்தார்கள். இறைச்சி சேர்ப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. பெரியப்பா அதைச் செய்யமாட்டார். தண்ணீருக்கு வந்ததைச் சுடுகிறவனுக்குத் தாகம் என்னவென்று தெரியாது என்பார்.

ஆனால் நான் இன்று நினைத்து வியப்பது அவருடைய தூரக் கணக்கை. மிருகத்தின் கண் தெரியாமல் அவர் விசையைத் தொடமாட்டார். சின்ன வயதில் இதை ஒரு வீரமாக நினைத்தேன். அதற்குள் இருந்த கணக்கு பிறகுதான் விளங்கியது. எஸ்.ஜி. தோட்டாவுக்குள் இருப்பது ஒரு குண்டல்ல, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற பெரிய ஈய உருண்டைகள். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை பரவத் தொடங்கும். கிட்டத்தில் நின்றால் எல்லாம் ஒன்றாக நெஞ்சில் இறங்கி மான் அந்த இடத்திலேயே விழும். தூரம் கூடக்கூட அவை விரிந்து, ஒன்று வயிற்றில், ஒன்று தொடையில், மற்றதெல்லாம் பற்றைக்குள். அந்த மான் அன்றைக்குச் சாகாது. ஓடிப்போய் எங்கேயோ படுத்து, காயம் அழுகி, நாட்கணக்கில் சாகும். சுட்டவன் தவறிவிட்டதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். கண் தெரியும் தூரம் என்று பெரியப்பா சொன்னது இதைத் தடுப்பதற்கான அளவுகோல். நோர்வேக்காரர் 30 சென்ரிமீற்றர் வட்டத்தில் அளப்பதை அவர் தன் கண்ணால் அளந்தார்.

ஒரு பின்னேரம், பொழுது சாய்கிற நேரம், அலைகரையில் நின்ற ஆண் மரைக்கு அவர் வெடி வைத்தார். அது குனிந்து, பின் நிமிர்ந்து காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. இருட்டில் காயப்பட்ட மரைக்குப் பின்னால் போவது மிருகத்துக்கும் கூடாது, மனிதனுக்கும் கூடாது. துரத்தினால் அது உயிர் போகும்வரை ஓடும், விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுக்கும். அவர் அந்த இடத்தில் ஒரு கிளையை முறித்து அடையாளம் வைத்துவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை. விடியமுன் என்னையும் எழுப்பிக்கொண்டு போனார்.

பாலைச் சருகில் உலர்ந்து கிடந்த இரத்தத்தை அவர் எனக்கு வாசிக்கக் கற்றுத்தந்தது அன்றைக்குத்தான். நுரைத்து, இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அதிக தூரம் போயிருக்காது. கறுத்த சிவப்பென்றால் ஈரல். இரத்தத்தோடு தின்ற இலையின் பச்சையும் கலந்திருந்தால் வயிறு. அதுதான் மிகக் கொடியது, நெடுநேரம் உயிர் பிரியாது. அன்று நாங்கள் பார்த்தது பச்சை கலந்தது. பெரியப்பாவின் முகம் மாறியதைக் கண்டேன். வீரை மரங்களுக்கிடையில், முட்பற்றைக்குள், தவழ்ந்து தவழ்ந்து, தடம் விட்டுப்போன இடத்தில் வட்டமடித்து மீண்டும் பிடித்து, வெயில் உச்சிக்கு வந்தபிறகும் அவர் திரும்பவில்லை. எனக்குத் தாகம். வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"தம்பி, வெடி வைக்க முன்னம் நூறு தரம் யோசிக்கலாம். வைச்சாப் பிறகு யோசிக்க ஒண்டுமில்லை. நடக்கத்தான் வேணும்."

பின்னேரம் அதைக் கண்டோம். உயிர் இருந்தது. அவர் அதன் முடிவை விரைவாக்கினார். அந்த வெயிலுக்கு, அந்தக் காயத்துக்கு, இறைச்சி எதற்கும் உதவாது என்பது அவருக்குக் காலையிலேயே தெரியும். ஒரு துண்டுகூட எடுக்காமல் வந்தோம். அவர் இறைச்சிக்காக அத்தனை தூரம் நடக்கவில்லை என்பதை நான் அப்போது முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

எல்லாரும் அவரைப் போல இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். எங்கள் காட்டில் கட்டுத்துவக்கு இருந்தது. ஊர்க் கொல்லன் செய்த இடியன் துவக்கை ஒரு கட்டையில் மிருகத்தின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, மருந்து கெட்டித்து, விசையிலிருந்து ஒரு நூலை வழிக்குக் குறுக்கே இழுத்துவிடுவார்கள். பன்றி வந்து நூலில் முட்டினால் வெடிக்கும். மான் முட்டினாலும் வெடிக்கும். தொலைந்த மாட்டைத் தேடிப்போனவன் முட்டினாலும், விறகுக்குப் போன பெண் முட்டினாலும் வெடிக்கும். கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டால் பெரியப்பா நூலை அறுத்து, குழலுக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். அதனால் ஊரில் அவருக்குப் பகையும் இருந்தது. "வெடிக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கவேணும்," என்பார். "அது ஆரைச் சுடுது எண்டு துவக்குக்கும் தெரியாது, கட்டினவனுக்கும் தெரியாது. பேந்து ஆர் பொறுப்பு?"

வெடிக்குப் பின்னால் ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எங்கள் தீவின் சரித்திரமே பதில் வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்கார அதிகாரிகள் இலங்கையில் யானை சுட்டதைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கும். மேஜர் றொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரி தனியொருவராக 1,300க்கு மேல் சுட்டார் என்பது பதிவு. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. யானை அன்றைக்குப் பயிரழிக்கும் பீடையென்று கணக்கிடப்பட்டது. தலைக்குச் சில சிலிங் வெகுமதி. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ற் தன்னுடைய இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். வட மாகாணத்தில் யானை நின்ற காடு என்றால் அது வன்னிதான். பெரியப்பா குழை முறித்து வைத்த அதே காடு.

அந்த மனிதர்கள் தங்களைக் கண்ணியமான விளையாட்டுக்காரர் என்றே எண்ணினார்கள். நேருக்கு நேர் நின்று, பாய்ந்து வரும் யானையின் நெற்றியில் சுடுவது அவர்களுக்கு ஒரு நேர்மை. தங்கள் உயிரையும் பணயம் வைத்ததால் கணக்குச் சரியாகிவிட்டது என்று நம்பினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பணயம் வைக்க முடிவெடுத்தவர் ஒருவர், அந்த முடிவில் யானைக்குப் பங்கில்லை. தென்னாபிரிக்காவில் கோர்டன் கம்மிங் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு யானையை முடமாக்கி நிறுத்திவிட்டு, நெருப்பு மூட்டிக் கோப்பி போட்டுக் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், பிறகு எங்கே சுட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு இடமாகச் சுட்டுப் பார்த்ததையும் 1850இல் வெளியான தன் நூலில் தானே எழுதி வைத்தார். வெட்கப்படவேண்டிய காரியமென்று அவருக்குத் தோன்றவில்லை. வாசித்தவர்களில் பலருக்கும் தோன்றவில்லை. வெடிக்குப் பின்னால் ஆள் இருந்தார், பொறுப்பு இருக்கவில்லை.

சுட்டுச் சுட்டுக் காடு வெறுமையானபோது அவர்களில் சிலருக்கே பயம் வந்தது. இலங்கையில் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர்களில் பெரும்பகுதியினர் துவக்குப் பிடித்தவர்கள்தான். யாலவில் வேட்டைக்காரருக்கென்று ஒதுக்கிய நிலத்தைக் காவல் காக்க, போர்க் கைதியாக இங்கே கொண்டுவரப்பட்ட எங்கல்பிறெக்ற் என்ற போயரை 1908இல் நியமித்தார்கள். 1938இல் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்கள் ஆயின. இன்று சிறுத்தை பார்க்க ஜீப்பில் போகிறவர்கள் சுற்றுகிற பாதைகளில் சில, சுடுவதற்காகக் காக்கப்பட்ட நிலத்தில் ஓடுகின்றன.

அரைகுறையாகச் சுட்ட வெடியின் கணக்கை யார் கட்டுகிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொன்னவர் வேட்டைக்காரர் ஜிம் கோர்பெற். 1907இல் அவர் குமாவுன் மலையில் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்தபின் அவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது, கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. பழைய துவக்குக் காயம். மான் பிடிக்கப் பல் இல்லாத புலி மனிதரிடம் வந்திருக்கிறது. எவனோ ஒருவன் எங்கேயோ ஒருநாள் சரியாகக் குறிபார்க்காமல் சுட்டுவிட்டு, இரத்தத் தடத்தின் பின்னால் போகாமல் திரும்பியிருக்கிறான். அவன் பெயர் ஒரு பதிவிலும் இல்லை. ஒடிந்த பல்லின் விலையைக் கொடுத்தவர்கள் புல் அறுக்கப் போன பெண்கள், விறகு பொறுக்கப் போன சிறுமிகள். புலி ஆட்கொல்லியாவதற்குக் காயமே முதற்காரணம் என்று கோர்பெற் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். அந்தப் பக்கங்களை நான் ஒஸ்லோ நூலகத்தில் இருந்து வாசித்தபோது, பச்சை கலந்த இரத்தத்தைப் பார்த்து மாறிய பெரியப்பாவின் முகம் எனக்கு விளங்கியது.

நான் நோர்வேக்கு வந்தபோது வேட்டை நினைப்பே இருக்கவில்லை. எண்பதுகளில் வந்த பலரைப் போல வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை, பிறகு தெற்கே இறங்கித் துரண்டெலாக்கில் குடியேற்றம். அங்கே எல்க் வேட்டை என்பது ஊரே சேர்ந்து செய்கிற அறுவடை. செப்டெம்பர் 25ஆம் திகதி தொடங்கினால் பாடசாலையில் வாத்தியாரைக் காணமுடியாது, தச்சனைக் காணமுடியாது. நாடு முழுவதும் அண்மைய ஆண்டுகளில் சுமார் 25 ஆயிரம் முதல் 30 ஆயிரம்வரை எல்க் சுடப்படுகின்றன. ஆனால் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை கன்று என்பதை வேட்டை தொடங்குமுன்பே ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் வகுத்துவிடுகிறார்கள். அதைக் கூட்டமுடியாது.

வேட்டைத் தலைவர் ஒரு விவசாயி. காலையில் எல்லாரையும் கொட்டகையில் கூட்டி வைத்து அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். தாயும் கன்றும் சேர்ந்து வந்தால் கன்றைத்தான் முதலில். தாயைச் சுட்டால் கன்று குளிர்காலத்தில் தனியே சாகும். ஓடுகிற மிருகத்தைச் சுடாதே. நேராக உன்னைப் பார்த்து நிற்பதை, முதுகு காட்டி நிற்பதைச் சுடாதே, பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு. குன்றின் உச்சியில், வானம் பின்னணியாக நிற்கிற எல்க்கைத் தொடாதே. அதன் உடம்பைத் துளைத்துப் போகிற குண்டு எங்கே போய் முட்டும் என்று உனக்குத் தெரியாது. மிருகத்துக்குப் பின்னால் மண் இருக்கவேண்டும். றைபிள் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும், அப்பால் காளான் பொறுக்கிக்கொண்டு ஒரு குடும்பம் இருக்கலாம்.

இப்படி எல்லா நிபந்தனையும் சரிவருவதற்குக் காத்திருந்தால் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. பனி பெய்து உறைந்த காட்டில், ஒரு பிர்ச் மரத்தடியில் காலையிலிருந்து இருட்டும்வரை இருந்துவிட்டு வருவோம். சில வேளை எல்க் வரும். நிற்கும். மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு தெரியும். நான் துவக்கை இறக்கி வைப்பேன். இரவு மேசையில் அதைச் சொன்னால் ஒருவரும் சிரிப்பதில்லை. நல்லது செய்தாய் என்பார்கள். சுடாத வெடிக்கு ஒரு ஊர் மதிப்புக் கொடுக்கிறதைக் கண்டது அந்த மேசையில்தான்.

சுட்டது பிழைத்தால் என்ன செய்வது என்பதையும் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்க் வேட்டைக் குழு ஒவ்வொன்றும், இரத்தத் தடம் பிடிக்கப் பழக்கி, சோதித்து அங்கீகரித்த நாய் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் வேட்டைக்கே இறங்கமுடியாது. குண்டு தவறிவிட்டது என்று சுட்டவருக்கு நூறு வீதம் தோன்றினாலும், எல்க் நின்ற இடத்துக்குப் போய் மயிரோ இரத்தமோ எலும்புத் துண்டோ கிடக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். காயம் என்றால் தேடல், அன்றைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த நாளும் தேடல், நகரசபைக்கு அறிவித்தல். தேடிக் கண்டு முடித்த மிருகம் குழுவின் பங்கில் கழிக்கப்படும்.

ஒருமுறை எங்கள் குழுவில் இளைஞன் ஒருவன் வைத்த வெடிக்கு எல்க் விழவில்லை. வேட்டை அந்தக் கணமே நின்றது. எல்லாருடைய வானொலியிலும் தலைவரின் குரல்: துவக்குகளைக் காலி பண்ணுங்கள், இருந்த இடத்திலேயே இருங்கள். நாயோடு ஒரு பெண் வந்தாள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அவள் முழங்காலில் இருந்து, பாசியில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். கறுத்த சிவப்பு. ஈரல் என்றாள். சில மணி நேரம் பொறுக்கவேண்டும், இப்போதே துரத்தக்கூடாது என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். பாலைச் சருகுக்கும் இந்தப் பாசிக்கும் இடையில் எத்தனையோ கடல். அவள் படித்த பாடமும் பெரியப்பா சொல்லித்தந்த பாடமும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு நாயின் பின்னால் போனோம். சதுப்பு நிலம், பாறை, மறுபடியும் சதுப்பு. இருட்டுமுன் அது படுத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இளைஞன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனை ஒருவரும் ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. மறுவாரம் சுடுதளத்தில் அவனைத் தனியே கண்டேன், வட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் சுட்டுக்கொண்டிருந்தான்.

இங்கேயும் எல்லாம் தூய்மை என்று நான் சொல்லவரவில்லை. சட்டம் இருக்கிற இடத்திலெல்லாம் அதை மீறுகிறவரும் உண்டு. உலகம் முழுவதும் பணம் கட்டி வேட்டையாடப் போகிறவர்களின் உலகம் இன்னும் சிக்கலானது. 2015 யூலையில் சிம்பாப்வேயில், ஹ்வாங்கே பூங்காவின் எல்லைக்கு வெளியே, சீசில் என்ற சிங்கம் இரவில் அம்பால் எய்யப்பட்டது. ஆராய்ச்சியாளர் போட்ட கழுத்துப்பட்டி அதன் கழுத்தில் இருந்தது. அம்பு உடனே கொல்லவில்லை. பல மணி நேரம் கழித்தே அதைக் கொன்று முடித்தார்கள். உலகமே அழுதது. அழுகைக்குள் ஒரு கேள்வி அமுங்கிப்போனது: றைபிள் கையில் எடுக்கக்கூடிய மனிதன், தன் திறமையைச் சோதிக்கவேண்டுமென்று வில்லைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சோதனையில் தோற்றால் வலிப்பது யாருக்கு? கடினமான ஆயுதத்தை எடுப்பது மிருகத்துக்குக் கொடுக்கிற வாய்ப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. மிருகம் தப்பினால் அது வாய்ப்பு. காயத்தோடு தப்பினால் அது என்ன?

அதே ஆபிரிக்காவில், பொறுப்பை அறிவோடு சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். இளம் ஆண்சிங்கத்தைச் சுட்டால் கூட்டத்துக்குள் புது ஆண் நுழைந்து குட்டிகளைக் கொன்றுவிடும், ஒரு குண்டு பல உயிரைக் கொல்லும். ஆகவே ஐந்து, ஆறு வயது தாண்டியதை மட்டும் சுடவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் 2004இல் எழுதினார்கள். வயதை எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கைப் பார்த்து. வயது ஏற ஏறச் சிங்கத்தின் இளஞ்சிவப்பு மூக்கில் கறுப்புப் படரும். மூக்கின் நிறம் தெரிகிற அளவுக்குக் கிட்டப் போய், தெரியாவிட்டால் சுடாமல் திரும்புகிற வேட்டைக்காரனைப் பெரியப்பா மதித்திருப்பார். சுவரில் தலையை மாட்டுவதற்காகச் சுடுகிறவனை மதித்திருக்கமாட்டார், நானும் மதிப்பதில்லை. உண்பதற்கும் பயிர் காப்பதற்கும் ஒரு உயிரை எடுக்கும்போதே மனம் கனக்கவேண்டும். படத்துக்குச் சிரிக்க எடுத்தால் அந்தக் கனம் எங்கே போகிறது?

ஊரின் இன்றைய கதைக்கு வருகிறேன். இன்று வன்னியில் மரையையோ மானையோ சுட முடியாது, சட்டம் காக்கிறது. போர் முடிந்து, அனுமதியோடு துவக்கு வைத்திருந்த பெரியப்பாக்களின் தலைமுறையும் போய்விட்டது. அதனால் காடு அமைதியாகிவிட்டதா? துவக்குப் போன இடத்தில் வேறு வந்திருக்கிறது. பன்றி வெடி என்கிறார்கள். வெடிமருந்தைப் பூசணித் துண்டுக்குள்ளோ, பழத்துக்குள்ளோ பொதிந்து வயல் ஓரத்தில் போட்டுவிடுவது. பன்றி கடித்தால் தாடை சிதறும். யானைக்கன்று கடித்தாலும் சிதறும். அதற்குப் பிறகு அது தின்னவோ குடிக்கவோ முடியாமல், தண்ணீருக்குள் போய் நின்றபடி, கிழமைக்கணக்கில் பட்டினியால் சாகும். 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்குச் சூடு, பன்றி வெடி, வேலியில் நேரடியாக இழுத்துவிட்ட மின்சாரம் ஆகியவை அந்தச் சாவுகளில் பெரும்பங்கு எடுத்தன. கட்டுத்துவக்கின் நூலை அறுத்தெறிந்த மனிதர் இதைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? பூசணித் துண்டில் அறுப்பதற்கு நூல்கூட இல்லை.

கம்பிச் சுருக்கும் அப்படித்தான். 2020 மே மாதம் மலைநாட்டில் நல்லதண்ணி பக்கத்தில், மரக்கறித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் போட்ட சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மீட்டுக்கொண்டு போயும் பிழைக்கவில்லை. சுருக்குப் போட்டவர் பன்றியைத்தான் நினைத்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று நோர்வேயில் இருந்துகொண்டு எழுத எனக்கு மனம் வராது. மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஓர் இரவில் கிளறிப் போட்டால் அந்த வீட்டு மாதம் முழுவதும் போய்விடும்.

அம்பாள்குளத்தை மட்டும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. 2018 யூன் மாதம் கிளிநொச்சிக்குப் பக்கத்தில், அந்த ஊருக்குள் ஒரு சிறுத்தை வந்தது. சிலரைக் காயப்படுத்தியது. மயக்க ஊசியோடு ஒரு மிருகவைத்தியர் வந்து நிற்குமுன், ஊரார் சூழ்ந்து தடிகளால் அடித்துக் கொன்றார்கள். அதைப் படம் பிடித்தார்கள். செத்ததோடு நின்று எடுத்த படங்கள் உலகமெல்லாம் சுற்றின. பயந்த மக்கள், காயப்பட்ட அயலவர்கள், ஆத்திரம். அவர்களுடைய பயத்தை நான் மறுக்கவில்லை. எனக்கு நெஞ்சில் குத்துவது வேறு. ஊரில் அன்று ஒரு நிதானமான கை இருக்கவில்லை. சுடத் தெரிந்த, சுடாமலிருக்கவும் தெரிந்த, கூட்டத்தை விலக்கி நிறுத்தக்கூடிய ஒருவர் இருக்கவில்லை. அந்த வேலைக்கென்று அரசாங்கம் அனுப்பவேண்டிய ஆளும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வட மாகாணத்தின் காடுகளின் பரப்பைப் பார்த்தால் மயக்க மருந்தோடு நிற்கவேண்டிய மிருகவைத்தியர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேண்டும். இதை நான் கேட்காத அதிகாரி இல்லை, எழுதாத கடிதம் இல்லை.

என் அண்ணன் மகன் எங்கள் பழைய காணியில் நெல்லும் கச்சானும் போடுகிறான். வட்ஸ்அப்பில் பேசும்போது நான் பன்றி வெடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவன் பொறுமையாகக் கேட்பான். போன மாரியில் கேட்டுமுடித்துவிட்டுச் சொன்னான்:

"சித்தப்பா, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா இஞ்ச பன்றி ராவில வரும், நான் விடியத்தான் காணுவன். உங்கட பெரியப்பா காலத்தில அவர் முழிச்சிருந்து பார்த்தார். இப்ப முழிச்சிருக்கிறதுக்கு ஆளுமில்லை, துவக்குமில்லை. நான் வெடி வைக்கேல்லை. பக்கத்துக் காணிக்காரன் வைக்கிறான், அவனை நான் எப்பிடிக் கேக்கிறது?"

இதற்கு என்னிடம் அறிவுரை இருக்கவில்லை. சூரிய ஒளியில் ஓடுகிற மின்வேலி பற்றிப் பேசினோம். நேரடி மின்சாரம் போலக் கொல்லாது, ஒரு கணம் சுண்டிவிட்டு நிறுத்தும், பன்றியும் யானையும் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் ஒரு காணிக்கு மட்டும் போட்டால் மிருகம் அடுத்த காணிக்குள் திரும்பும், வரிசையாகப் போடவேண்டும். பற்றை வளர்ந்து கம்பியில் முட்டினால் மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும், மாதாமாதம் ஆள் நின்று வெட்டவேண்டும். போடுவது சுலபம், பராமரிக்க ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும் என்பதுதான் எல்லாக் கிராமத்திலும் வேலி விழுகிற இடம்.

அவன் அயலவர்களோடு பேசியிருக்கிறான். சிலர் சம்மதம், சிலர் பார்ப்போம் என்கிறார்கள். வெடி வைக்கிற பக்கத்துக் காணிக்காரர் முதலில் மறுத்தார். தன் மாடு ஒன்றும் பூசணித் துண்டைக் கடித்துத் தாடை போனபிறகு வந்து, பற்றை வெட்டுகிற முறையில் தன் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறார். மின்கலத்துக்கும் கம்பிக்கும் என்ன விலை என்று முல்லைத்தீவில் விசாரித்து எழுதியிருக்கிறான். நான் பணம் அனுப்பியிருக்கிறேன். வரும் போகத்துக்கு விதைக்கமுன் கட்டைகளை நட்டுவிடவேண்டும் என்று இருக்கிறோம்.